ராகுகாலத்தில் ரத்தான அறை

ஒரு அலுவலகத்துக்கு வரக்கூடிய ஆபத்துகளில் தீ விபத்து, கரையான், தணிக்கை எல்லாம் அப்புறம்தான். முதல் ஆபத்து, புதிதாக வேலைக்குச் சேர்ந்து, கையில் ஒரு மென்பொருளும் கொஞ்சம் அதிகாரமும் கிடைத்துவிட்ட இளைஞன். அவனைத் தடுக்கவே முடியாது. ஏனென்றால் அவன் சொல்வதெல்லாம் கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும்.

அந்த இளைஞனாக நான் இருந்தது புதுச்சேரியில் ஒரு பல்கலைக்கழகத்தில். (எது என்று கேட்காதீர்கள். எதையாவது நினைத்துக்கொள்ளுங்கள், அது தப்பாகத்தான் இருக்கும்.) எல்லாத் துறைகளும் பங்குபோட்டுக்கொள்ளும் கருத்தரங்க அறைகள், கூட்ட அறைகள், அரங்குகள் ஆகியவற்றை யாருக்கு எப்போது கொடுப்பது என்று பார்ப்பது என் வேலை. வாசலில் 'அரங்கப் பயன்பாட்டுப் பிரிவு' என்று பலகை தொங்கியது. (முதலில் 'இட ஒதுக்கீட்டுப் பிரிவு' என்றுதான் எழுதியிருந்தார்களாம். ஜனங்கள் சாதிச் சான்றிதழோடு வந்து வரிசையில் நிற்கவும் மாற்றிவிட்டார்கள்.) பிரிவு என்றால் நான், ஒரு கம்ப்யூட்டர், சுழல மறுத்த ஒரு சுழல் நாற்காலி, அவ்வளவுதான்.

எனக்கு முன்பு இருந்த முறை மிக எளிமையானது. சாவி யாரிடம் இருக்கிறதோ, அறை அவருக்கு. சாவி கிடைக்காதவர்கள் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவதுபோல, காலையிலேயே வந்து நாற்காலியில் ஒரு பையை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். வேதியியல்காரர்களும் வரலாற்றுக்காரர்களும் ஒரே அறையில் முதுகைத் திருப்பி உட்கார்ந்து ஆளுக்கொரு கூட்டம் நடத்திய கதையெல்லாம் உண்டு. நான் வந்தேன். எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றினேன். கதவுக்குக் கதவு கியூஆர் குறியீடு ஒட்டினேன். அறையைப் பதிவு செய்தவர் வந்ததும் போனை எடுத்து அதைப் படம் பிடிக்க வேண்டும். அப்போதுதான் அவர் வந்துவிட்டார் என்று என் கம்ப்யூட்டருக்குத் தெரியும்.

சில மாதங்கள் போனதும் ஒரு விசித்திரத்தைக் கண்டுபிடித்தேன். சில நேரங்களில் அறைகள் பதிவாகியிருக்கின்றன, ஆனால் உள்ளே ஈ, காக்கை இல்லை. வெள்ளிக்கிழமை முற்பகல் காலி. செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குக் காலி. வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் காலி. பதிவு செய்தவர்கள் ஒன்றரை மணி நேரம் கழித்து ஆடி அசைந்து வருகிறார்கள். பொறியியல் படித்தவன் இல்லையா, நாற்காலியில் சாய்ந்து தீவிரமாக யோசித்தேன். மக்கள் சோம்பேறிகள் என்ற முடிவுக்கு வந்தேன்.

மூளை உள்ள எவனும் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைத் திரும்பிப் பார்த்திருப்பான். ஒவ்வொரு தாளிலும் ராகுகாலம் என்று அச்சடித்தே தருகிறார்கள். வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை என் அம்மா என்னை ஸ்கூட்டரைக்கூட ஸ்டார்ட் செய்ய விடமாட்டாள். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்து வளர்ந்தவன், பல்கலைக்கழகமே ராகுகாலம் பார்த்து அறைக்குள் நுழைகிறது என்பதைக் கவனிக்கவில்லை. பேராசிரியர்களும் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். 'கொஞ்சம் டீ சாப்பிட்டுட்டு ஆரம்பிக்கலாமே' என்பார்கள், அவ்வளவுதான்.

ஆகவே விதி ஒன்று போட்டேன். பதிவு செய்தவர் பதினைந்து நிமிடத்துக்குள் வந்து குறியீட்டைப் படம் பிடிக்கவில்லை என்றால் பதிவு தானாகவே ரத்து. அறை காத்திருப்பவர்களில் அடுத்தவருக்குப் போய்விடும். ரத்தானவருக்கு ஒரு குறுஞ்செய்தி வரும்: 'தங்கள் பதிவு ரத்து செய்யப்பட்டது. இடத்தை வீணாக்காமல் ஒத்துழைத்தமைக்கு நன்றி.' இந்த வாசகத்தை எழுதியதும் நான்தான். எழுதிவிட்டு இரண்டு தடவை படித்து ரசித்தேன். துணைப் பதிவாளர் என் முதுகில் தட்டி, "இதுதான்யா நிர்வாகம்" என்றார். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் எனக்குக் கால் தரையில் படவில்லை.

இப்போது என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் தேன்மொழி. அதே பல்கலைக்கழகத்தில் தாவரவியலில் முனைவர் பட்ட ஆராய்ச்சி. கடற்கரை மணலில் படரும் அடும்புக் கொடியைப் பற்றி. பிள்ளைச்சாவடியிலிருந்து வடக்கே மரக்காணம் வரை அவள் குனிந்து பார்க்காத மணல்மேடு இல்லை. வெயிலில் கறுத்து, உதவித்தொகை நின்றுபோய், டியூஷன் எடுத்துச் சமாளித்து, ஒருவழியாக ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள். மிச்சம் இருந்தது கடைசி வாய்மொழித் தேர்வு. எல்லோரும் வைவா என்று சொல்வது. அது வெள்ளிக்கிழமை. அடுத்த திங்கட்கிழமை திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் அவளுக்கு நேர்காணல். வைவா முடிந்தது என்ற சான்றிதழ் இல்லாமல் அங்கே வாசலைக்கூட மிதிக்க முடியாது. வெளியூரிலிருந்து வரும் தேர்வாளரோ, அந்த வாரம் முடிந்ததும் மகனைப் பார்க்க வெளிநாடு போகிறவர். திரும்பிவர அரை வருஷம் ஆகும். வெள்ளிக்கிழமையை விட்டால் அக்காவுக்கு வேலையும் இல்லை, பட்டமும் இப்போதைக்கு இல்லை.

வியாழக்கிழமை சாப்பிடும்போது அவள் கேட்டாள்.

"டேய் சரவணா, ரூம் ஒண்ணும் பிரச்சினை இல்லயே?"

"இன்னாக்கா நீ? அந்த ரூமே என் கையிலதான் இருக்குது. நிம்மதியா தூங்கு."

அவள் தூங்கவில்லை. நான்தான் நன்றாகத் தூங்கினேன்.

அறை பத்தரையிலிருந்து ஒன்றரை வரை அவள் பெயரில் பதிவாகியிருந்தது. என் முறையில் முற்பகல் என்றால் அப்படித்தான் எடுக்க முடியும். வைவா பன்னிரண்டுக்கு மேல் என்று அம்மா தீர்மானித்துவிட்டாள். அக்காவின் நெறியாளர் விஞ்ஞானி. இந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது என்று சொல்கிறவர். "எனக்கு அதெல்லாம் இல்லம்மா, ஆனா தேர்வாளர் டிபன் சாப்பிடணும் இல்லயா, பன்னெண்டுக்கே வெச்சிக்கலாம்" என்றார். (ஒன்றரை மணி நேரம் யாரும் டிபன் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.)

வைவாவுக்கு வருகிறவர்களுக்கு ஆராய்ச்சி செய்தவர் வீட்டிலிருந்துதான் தின்பண்டம் கொடுக்க வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். அந்தப் பொறுப்பை ஏழுமலைச் சித்தப்பா எடுத்துக்கொண்டார். மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் கொடுக்கிற வியாபாரம் அவருக்கு. எதையும் சின்னதாகச் செய்து பழக்கமில்லை. அன்று காலை ராகுகாலம் தொடங்குவதற்குள் போய், அறையின் பின்பக்கம் ஒரு மேசையில் சமோசாவையும் லட்டையும் அட்டைப் பெட்டிகளில் அடுக்கினார். அதோடு நிற்கவில்லை. பக்கச் சுவரில் ஒரு பிளெக்ஸ் பேனரையும் கட்டிவிட்டார். நடுவில் பட்டத் தொப்பி ஒட்டவைத்த அக்காவின் தலை, கீழே 'முனைவர் தேன்மொழியை வாழ்த்தி மகிழும்' என்ற வரி, அதற்கும் கீழே கூலிங்கிளாஸ் போட்ட சித்தப்பா. அக்காவின் தலையைவிடச் சித்தப்பாவின் தலை பெரியது. பிறகு கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து, எங்களோடு வாதாம் மரத்தடியில் நின்றுகொண்டார்.

அம்மா அக்காவின் போனை வாங்கி அணைத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். "கண்டவன் போன் பண்ணி அவள பதட்டப்படுத்தக் கூடாது." என் போனையும் சத்தமில்லாமல் வைக்கச் சொன்னாள். வைத்தேன். பன்னிரண்டு வரை யாரும் அந்தக் கட்டடத்துப் பக்கம் போகக் கூடாது என்றாள். போகவில்லை. உலகத்திலேயே அந்த விதியை எழுதிய ஒரே ஆளான நான், அந்த விதி வேலை செய்துகொண்டிருந்த நேரம் முழுக்க, மரத்தடியில் நின்று சித்தப்பாவோடு வஞ்சிர மீன் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு அடித்தது. அம்மா அக்காவின் நெற்றியில் திருநீறு பூசினாள். நெறியாளரும் தேர்வாளரும் படியேறி வந்தார்கள். தேர்வாளர் மெலிந்த மனிதர், விழுப்புரத்தில் ரயில் பிடிக்க வேண்டும் என்பதால் கைக்கடிகாரத்தை அடிக்கடி பார்த்துக்கொண்டே வந்தார். நான் முன்னால் போய், அரண்மனைக் காவலாளி தோரணையில் கதவைத் திறந்தேன்.

உள்ளே நிறையப் பேர் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்திக்கொண்டிருந்தார்கள்.

முன்னால் ஒரு மேசை. அதன்மேல் மாலை போட்ட ஒரு பெரியவரின் படம், பக்கத்தில் எரியும் மெழுகுவத்தி. குனிந்த தலைகள். குனிந்த தலைகளுக்குக் கீழே கைகள். அந்தக் கைகளில் கடித்த லட்டு. பக்கச் சுவரிலிருந்து கூலிங்கிளாஸ் வழியாகச் சித்தப்பா எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நடந்தது எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. பத்தே முக்காலுக்கு அக்காவின் பதிவு ரத்தாகியிருக்கிறது. காத்திருந்தவர்கள் கணிதத் துறையினர். காலமாகிப்போன அவர்களுடைய முன்னாள் பேராசிரியர் அருளப்பனுக்கு இரங்கல் கூட்டம் நடத்த இடம் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அறையைத் தூக்கிக் கொடுத்துவிட்டது என் மென்பொருள். லட்டையும் சமோசாவையும் பார்த்த துறையினர் அவருடைய வீட்டார் வாங்கிவந்தது என்று நினைத்திருக்கிறார்கள். வீட்டார் துறையின் ஏற்பாடு என்று நினைத்திருக்கிறார்கள். வேண்டாம் என்று சொன்னால் மரியாதையாக இருக்காது என்று எல்லோரும் சாப்பிட்டிருக்கிறார்கள். பேனரை மட்டும் என்ன செய்வது என்று தெரியாமல், அரங்கப் பயன்பாட்டுப் பிரிவுக்குப் போன் மேல் போன் போட்டிருக்கிறார்கள். அந்தப் போன் என் சட்டைப் பையில் ஊமையாகக் கிடந்தது.

மௌனம் முடிவதற்குள் அம்மா உடைத்துவிட்டாள்.

"அய்யய்யோ! நல்ல காரியம் நடக்கற எடத்துல இன்னாடா இது? என் பொண்ணு இந்த ரூமுல காலெடுத்து வெக்க மாட்டா. டேய் சரவணா, வேற ரூம் குடுடா!"

போனை எடுத்துத் தேடினேன். கருத்தரங்க அறைகள் நிரம்பியிருந்தன. அரங்குகள் நிரம்பியிருந்தன. மாடிக் கூட்ட அறையில்கூட ஆள் இருந்தது. என் வாழ்க்கையின் லட்சியம் அன்றைக்குத்தான் முழுசாக நிறைவேறியிருந்தது. பல்கலைக்கழகத்தில் ஒரு அறைகூடக் காலியில்லை.

"அறை கிடைச்சாலும் பிரயோஜனம் இல்ல," என்றார் நெறியாளர், என்னைப் பார்க்காமல். "அறிவிப்புல இந்த ரூம் பேருதான் போட்டிருக்கு. வேற எடத்துல நடத்துனா செல்லாது."

தேர்வாளர் மறுபடியும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அக்கா மடிக்கணினியைப் பச்சைக் குழந்தையைப்போல மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கண்ணில் நீர் நிறைய, அதை விழவிடாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் அவள் சைக்கிளை நான் கடலோரம் கொண்டுபோய்த் துருப்பிடிக்க விட்டபோதும் இப்படித்தான் நின்றாள்.

முன்வரிசையிலிருந்து ஒரு வெள்ளைப் புடவை அம்மாள் நடந்து வந்தார். பேராசிரியர் அருளப்பனின் மனைவி. பிரெஞ்சு ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். ஊரில் எல்லோருக்கும் அவர் 'மதாம்'.

"அலோர், என்ன ஆச்சு? யாருக்கு என்ன தேர்வு?" என்று பிரெஞ்சில் ஆரம்பித்துத் தமிழில் கேட்டார்.

தட்டுத்தடுமாறிச் சொன்னேன். விதி, பதினைந்து நிமிடம், லட்டு எல்லாவற்றையும் சொன்னேன். எழுதியது யார் என்பதையும் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப எங்களுக்கு வந்த மெசேஜும் நீ எழுதினதுதானா? 'உங்களுக்கு இடம் கிடைத்துவிட்டது, வாழ்த்துகள்'னு வந்துச்சு. இரங்கல் கூட்டத்துக்கு வாழ்த்துகள்!"

நான் தரையில் ஏதாவது பள்ளம் இருக்கிறதா என்று பார்த்தேன். சிமெண்டுத் தரை.

மதாம் திரும்பிக் கணிதத் துறைத் தலைவரைப் பார்த்தார். "இன்னும் எத்தன பேரு பேசணும்?"

"ரெண்டு மூணு பேரு இருக்காங்க மதாம். அப்புறம் நன்றியுரை."

"போதும். அவருக்குக் கூட்டம்னாலே ஆகாது. இருந்திருந்தா இந்நேரம் பின் வாசல் வழியா போயிருப்பாரு. இந்தப் பொண்ணு பேசட்டும். பாடத்தப் பத்திப் பேசினா உக்காந்து கேப்பாரு." பிறகு என் அம்மாவின் பக்கம் வந்து, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார். "படம் இருக்கறது உங்களுக்குச் சங்கடமா இருக்கும். எடுத்துரட்டுமாம்மா?"

அம்மாவின் முகத்தை நான் மறக்கமாட்டேன். ஒரு நிமிடம் முன்பு ஊரைக் கூட்டியவள். அந்தக் கேள்விக்கு 'ஆமா' என்று சொல்லத்தான் அவளுக்கு அத்தனை ஆசையும் இருந்தது. ஆனால் கேட்பவர் புருஷனைப் பறிகொடுத்தவர். அவர் கை ஏற்கெனவே படத்தின் மாலைமேல் இருந்தது. அம்மா ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்மா. வேணவே வேணாம். அவரு வாத்தியாரு. இருக்கட்டும். எம்பொண்ண அவரே பாத்துக்கட்டும்." சொல்லிவிட்டு அம்மா அழ ஆரம்பித்தாள். மதாமும் அழுதார். அவர்கள் இரண்டு பேரையும் முன்வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தோம்.

வைவா நடந்தது. பொதுவாக வைவா கேட்க யாரும் வரமாட்டார்கள். நெறியாளர் தன் மாணவர்களை மிரட்டி இழுத்துவந்து உட்கார வைப்பார். அன்றைக்கு அக்காவுக்கு அறை நிறைய ஆள். எல்லோரும் கணிதக்காரர்கள், எல்லோரும் அவள் வீட்டு லட்டைத் தின்றவர்கள், எழுந்துபோக முடியாத நிலையில் இருந்தவர்கள். முதலில் தரையைப் பார்த்தே பேசினாள். மணல்மேட்டுப் படங்கள் திரையில் வர வர நிமிர்ந்துவிட்டாள். கேள்வி நேரம் வந்ததும் கணிதத் துறைத் தலைவர் கையைத் தூக்கி, கொடி படர்கிற வேகத்தைக் கணக்கிட்ட முறையில் ஒரு சந்தேகம் என்றார். எனக்கு உயிர் போய்விட்டது. அக்கா சிரித்தாள். கரும்பலகைக்குப் போய், பட்டென்று எழுதிக் காட்டிவிட்டு, "இதுல இன்னும் சந்தேகம் இருந்தா கேளுங்க சார்" என்றாள். அவர் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டு உட்கார்ந்தார்.

தேர்வாளர் எழுந்து, தேன்மொழிக்கு முனைவர் பட்டம் வழங்கப் பரிந்துரைப்பதாக அறிவித்தார். மாலை போட்ட படத்துக்கு முன்னால் கைதட்டலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் தட்டியது மதாம்தான். அப்புறம் அறையே அதிர்ந்தது.

அக்கா மதாமின் காலைத் தொட்டாள். வாயில் போட ஒரு இனிப்பு வேண்டுமே என்று சித்தப்பா பெட்டிகளைத் திறந்து பார்த்தார். எல்லாம் காலி. மதாம் தன் கைக்குட்டையை விரித்தார். அதில் பாதி லட்டு இருந்தது. "சர்க்கரை வியாதி, பாதிக்கு மேல சாப்பிடக் கூடாது. வீணாக்க மனசில்லாம வெச்சிருந்தேன்" என்று சொல்லி அக்காவுக்கு ஊட்டிவிட்டார். நான் பேனரை அவிழ்க்கிற சாக்கில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கூலிங்கிளாஸ் போட்ட சித்தப்பா மங்கலாகத் தெரிந்தார்.

தேர்வாளருக்கு ரயில் கிடைத்தது. அக்காவுக்குத் திண்டிவனத்து வேலையும் கிடைத்தது. துணைப் பதிவாளரிடமிருந்து எனக்கு அழைப்பு வந்தது. வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அவர் கம்ப்யூட்டரைக் காட்டி, "ஒரே அறையில ஒரே நேரத்துல ரெண்டு நிகழ்ச்சி! இவ்வளவு நல்ல இடப் பயன்பாட்ட நான் பாத்ததே இல்ல" என்றார். கிண்டலா பாராட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விதியைத் திருத்தச் சொன்னார். ராகுகாலத்தில் பதிவு ரத்தாகாது என்று ஒரு பல்கலைக்கழகம் சுற்றறிக்கை விட முடியுமா? 'தொழில்நுட்பப் பராமரிப்பு நேரம்' என்று எழுதினேன். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு, செவ்வாய்க்கிழமை மூன்றுக்கு, வியாழக்கிழமை ஒன்றரைக்கு. பராமரிப்பு ஏன் தினமும் வேறு வேறு நேரத்தில் என்று ஒரே ஒரு பேராசிரியர்கூடக் கேட்கவில்லை. இயற்பியல்காரர்கள் உட்பட.

அப்புறம் எனக்குப் பெண் பார்க்கக் கடலூர் போனோம். பையன் எப்படி என்று பெண்ணின் அப்பா கேட்டார். அம்மா யோசிக்காமல், "கெட்டிக்காரன்தாங்க. அவங்க அக்காவுக்கு இரங்கல் கூட்டத்துல டாக்டர் பட்டம் வாங்கிக் குடுத்தான்" என்றாள். அவர் முகம் மாறிவிட்டது. இடம் தட்டிப்போனது என்று நான் எழுந்தே விட்டேன். உள்ளறையிலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல், வெடித்த சிரிப்பு. அந்தச் சிரிப்பைத்தான் கட்டிக்கொண்டேன்.

வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதை வந்துவிடும். சொல்வது என் மனைவி. அந்த அறையை அவள் பார்த்ததுகூட இல்லை. ஆனால் மெழுகுவத்தி எந்தப் பக்கம் சாய்ந்து எரிந்தது என்பதுவரை சொல்வாள். அக்கா திண்டிவனத்திலிருந்து வரும்போதெல்லாம் முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்டு, கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, "அப்படி இல்ல, அன்னிக்கு இன்னா ஆச்சின்னா..." என்று நானும் ஒவ்வொரு தடவையும் ஆரம்பிப்பேன். மனைவி கையைக் காட்டி நிறுத்திவிடுவாள்.

"ஏங்க, பதினஞ்சு நிமிஷமா சும்மாதான உக்காந்திருந்தீங்க? உங்க பதிவு ரத்து. கதை எனக்கு வந்துடுச்சு."